பிப்பெட் உடைந்தால் யார் கணக்கு?

காமர்ஸ்காரனுக்கு கெமிஸ்ட்ரி லேபில் என்னப்பா வேலை என்று கேட்பீர்கள். பிளஸ் டூவில் நானும் அந்த நெடியை முகர்ந்தவன்தான் மக்களே. இன்றைக்கும் சயின்ஸ் நண்பர்கள் சிலரின் புலம்பல் ஒன்றுதான்: எது உடைந்தாலும் காசு கட்டணும். அந்தப் பயத்தில் ஒருத்தன் டைட்ரேஷன் செய்ய, மற்ற மூன்று பேர் அவன் ரீடிங்கை எழுதிக்கொள்கிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏனென்றால் இந்தக் கண்ணாடிச் சாமான்களின் சூட்சுமம் கை பழகினால்தான் வரும். பீக்கரில் (பாடப்புத்தகத் தமிழில் முகவை) கோடு இருக்கிறதே என்று அதை வைத்து அளக்கக்கூடாது. 100 மி.லி. கோட்டில் 95-ம் இருக்கலாம், 105-ம் இருக்கலாம். அது ஊற்ற, கலக்க, சூடாக்க மட்டும். பிப்பெட் அப்படியில்லை. 20 மி.லி. பிப்பெட்டில் பிழை ஒரு மி.லி.யில் நூறில் சில பங்குதான். கடைசியில் நுனியில் நிற்கிற துளியை ஊதித் தள்ளக்கூடாது. அது உள்ளேயே தங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் மேலே கோடு கிழித்திருக்கிறார்கள்.

கூம்புக் குடுவைக்கு வாய் குறுகல், அதனால் சுழற்றினாலும் சிந்தாது. எமில் எர்லன்மேயர் என்ற ஜெர்மானியர் 1860-ல் கொடுத்த வடிவம். ப்யூரெட்டில் பெர்மாங்கனேட்டை ஊற்றினால் அடர்நிறத்தில் கீழ்வளைவு தெரியாது, மேல்விளிம்பைப் பார்த்துத்தான் ரீடிங் எடுக்கணும். ஒரு சொட்டு கூடினாலும் வெளிர் இளஞ்சிவப்பு தாண்டிப் போய்விடும். மூன்றாவது ஆளாக எட்டிப் பார்ப்பவனுக்கு இதில் எது புரியும்?

உடைவது எல்லாம் கவனக்குறைவும் இல்லை. சூடு பட்டால் போரோசிலிகேட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் விரியும். மலிவு டெஸ்ட் ட்யூபை அடுப்பில் காட்டிவிட்டுக் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல்தான். நல்ல கண்ணாடியிலும் பழைய கீறல் ஒன்று இருந்தால் போதும்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் இயல்பு நட்டம் என்று ஒன்று உண்டு. எவ்வளவு கவனமாக இருந்தாலும் வேலையில் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும். அந்தச் செலவை நல்ல உற்பத்தியின் மேலேயே ஏற்றிவிடுவார்கள். லேப் கண்ணாடியும் அப்படித்தான். வருஷத்துக்கு இத்தனை உடையும் என்று பட்ஜெட்டிலேயே ஒதுக்கிவிட்டால் போச்சு. பசுமலை டீக்கடையில் கிளாஸ் கைதவறினால் மாஸ்டர் ஒரு முறை முறைப்பார், அடுத்த டீயை ஆத்த ஆரம்பித்துவிடுவார்.

குடுவையைத் தூக்கிப்போட்டு கேட்ச் பிடித்து விளையாடும் ஆசாமிகள் வேறு. அது அசாதாரண நட்டம், தாராளமாக அவர்களிடமே வசூலியுங்கள்.