அந்த டம்ளர் ஏன் தனியாக இருக்கிறது?

ஆறு வயதுப் பேத்தி சென்ற வாரம் சமையலறையிலிருந்து கேட்டாள்: “தாத்தா, அந்த டம்ளர் மட்டும் ஏன் ஜன்னல் திண்டுல இருக்கு?” வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்குத் தேநீர் கொடுக்கும் டம்ளர் அது. “அது அக்காவோடதும்மா” என்று சமாளித்தேன். “என் டம்ளரும் என்னோடதுதானே, அது ஏன் அலமாரில இருக்கு?” என்றாள்.

பாரபட்சத்தின் பொருளாதாரத்தை ஆண்டுக்கணக்கில் வகுப்பில் நடத்தியவன் நான். கேரி பெக்கர் 1957இல் வெளியிட்ட நூலில் பாரபட்சத்தை ஒருவகை விருப்பமாகக் கொண்டு கணக்கிட்டார். சிலரோடு சேராமலிருக்க மனிதர்கள் விலை கொடுக்கவும் முன்வருவார்கள் என்றார். அந்த விருப்பம் எங்கே உருவாகிறது என்பதை அவருடைய கணக்கு பெரிதாக ஆராய்வதில்லை. நானும் மாணவர்களிடம் அதைக் கேட்டதில்லை. என் வீட்டு ஜன்னல் திண்டு அப்போதும் அங்கேதான் இருந்தது.

2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டபோது, பட்டியலினப் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் உண்ணவில்லை என்ற செய்திகள் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்தன. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் சென்று அந்த உணவை உண்டனர், நல்ல செயல். ஆனால், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தை, எதிரே உணவு இருக்கையில் தானாகவா மறுத்திருக்கும்? நாங்குநேரி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் அணிவதைத் தடுக்க வேண்டும் என 2024இல் பரிந்துரைத்தது. கயிறு கட்டும் வயதுக்கு வெகுமுன்பே குழந்தை பாத்திர அடுக்கைப் படித்துவிடுகிறது.

“எல்லோரும் சமம்” என்று அவளிடம் சொல்லலாம். பாடப்புத்தகமும் அதையே சொல்கிறது. கண்ணெதிரே வேறொன்று நடக்கும்போது, அந்த வாக்கியத்தைப் பரீட்சைக்கு உரியது என்று ஒதுக்கிவிடக் குழந்தைகளுக்குத் தெரியும். சுத்தத்துக்காக என்றாள் என் மனைவி. சளியோடு வந்த என் மைத்துனருக்கு அலமாரி டம்ளரில்தான் காபி கொடுத்தோம் என்பதை நினைவூட்டினேன். அதன்பின் அவள் பேசவில்லை.

மறுநாள் பேத்தியிடம், “நாங்க செஞ்சது தப்பும்மா. ரொம்ப நாளா யோசிக்காமலே செஞ்சுட்டோம்” என்றேன். வைவேனென்று எதிர்பார்த்தாளோ என்னவோ, சற்று நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தானே போய் அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துவந்தாள்.

அதில் தேநீரை நீட்டியபோது அந்தப் பெண்மணி வாங்கத் தயங்கினார். கண் திண்டுப் பக்கம் போயிற்று. அவர் ஏன் தயங்கினார் என்று பேத்தி இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள்.