ஒரே பாட்டு, இரண்டு தட்டு

"பாட்டு ஒன்றுதானே, அதை சிங்கிளில் கேட்டால் என்ன, ஆல்பத்தில் கேட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் நம்மிடையே பலர் உண்டு. ஆங்கில பாப் இசையைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே பொருந்தாது என்பது என் கருத்து. ஒரே தலைப்பில் ஒரே குழுவினர் தந்த பாட்டு, சிங்கிளில் ஒரு விதமாகவும் ஆல்பத்தில் வேறு விதமாகவும் ஒலிப்பது அங்கே சர்வசாதாரணம். இரண்டில் ஒன்று போதும் என்று மற்றதைக் கைவிடுவது சரியல்ல.

இது நமக்குத் தொடர்பில்லாத சங்கதி என்று யாரும் நினைக்க வேண்டாம். அறுபதுகளில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் உத்தியோகம் பார்க்க வந்த நம் குடும்பங்கள் சிலவற்றில், பெற்றோரின் சுப்ரபாதத் தட்டும் கல்லூரிக்குப் போன பிள்ளையின் பீட்டில்ஸ் தட்டும் ஒரே அலமாரியில் இருந்தன. அந்தக் காலத்தில் பீட்டில்ஸ் தட்டுகள் கல்கத்தாவை அடுத்த தம்தம்மில், கிராமபோன் கம்பெனியின் ஆலையிலேயே அச்சாயின. இங்கிலாந்தில் 78 சுற்றுத் தட்டுகள் நின்றுபோன பிறகும், நம் நாட்டில் பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பாட்டுகள் 78 சுற்றுத் தட்டுகளாக வெளிவந்தன. அவற்றில் சில இன்னும் நம் பரண்களில் கிடக்கலாம்.

ஒரு பாட்டுக்கு ஏன் இரண்டு வடிவம்? ஸ்டூடியோவில் குரல், கிதார், டிரம்ஸ் எல்லாம் ஒலிநாடாவில் தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. எதைத் தூக்கி வைப்பது, எதை அடக்குவது, எங்கே எதிரொலி சேர்ப்பது என்று முடிவு செய்து அவற்றை ஒன்றாக்குவதுதான் மிக்ஸ். சிங்கிள் என்பது 7 அங்குலத் தட்டு. ரேடியோவிலும், ஒரே ஒலிபெருக்கி உள்ள சின்ன பிளேயரிலும் எடுபட வேண்டும்; சுமார் மூன்று நிமிடத்தில் முடிந்தால் ரேடியோக்காரர்களுக்கு வசதி. ஆல்பமோ 12 அங்குலத் தட்டு. பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம், ஆற அமர உட்கார்ந்து கேட்பவருக்காகச் செய்தது.

பீட்டில்ஸின் 'லெட் இட் பி' பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1969 ஜனவரி 31 அன்று வாசித்த ஒரே பதிவுதான் இரண்டு வடிவத்துக்கும் அடிப்படை. 1970 மார்ச்சில் வந்த சிங்கிளைத் தயாரித்தவர் ஜார்ஜ் மார்ட்டின். இரண்டே மாதம் கழித்து வந்த ஆல்பத்துக்கு அதே பாட்டை மிக்ஸ் செய்தவர் ஃபில் ஸ்பெக்டர். சிங்கிளில் ஜார்ஜ் ஹாரிசனின் கிதார் அடக்கமாக வந்து போகிறது. ஆல்பத்தில் அவரே பின்னால் வாசித்த வேறொரு பகுதி, கரகரவென்று முன்னால் வந்து நிற்கிறது. ஊதுகருவிகளும் ஓங்கி ஒலிக்கின்றன. பாட்டின் பிரார்த்தனைத் தன்மை சிங்கிளில்தான் இருக்கிறது என்பேன்.

அதற்காக எப்போதும் சிங்கிள்தான் உயர்வு என்று நான் வாதிட வரவில்லை. 'தி டோர்ஸ்' குழுவின் 'லைட் மை ஃபயர்' 1967-இல் ஆல்பத்தில் ஏறக்குறைய 7 நிமிடம் ஓடியது. நடுவில் வரும் ஆர்கன், கிதார் வாசிப்பைப் பெரும்பாலும் வெட்டி, 3 நிமிடத்துக்குள் சுருக்கி சிங்கிளாக விட்டார்கள். அந்தச் சுருக்கம்தான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆனால் அந்தக் குழுவின் உண்மையான திறமையைக் காண வேண்டுமானால் ஆல்பத்துக்குத்தான் போக வேண்டும். ஊரே முணுமுணுத்தது எது என்று தெரிய சிங்கிள் வேண்டும். வாசித்தவர்கள் எதுவரை போனார்கள் என்று தெரிய ஆல்பம் வேண்டும்.

இன்று புதிதாக ஒரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. கைபேசியில் பாட்டின் பெயரைத் தட்டினால் ஏதோ ஒரு வடிவம் ஒலிக்கிறது. அது எந்த வடிவம் என்று பார்ப்பவர் குறைவு. 'லெட் இட் பி' ஆல்பத்துக்கே 2021-இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிய மிக்ஸ் செய்தார். புதிய மிக்ஸ் வரட்டும், அதில் தவறில்லை. ஆனால் அது பழையதன் இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது. எந்த ஆண்டு, சிங்கிளா ஆல்பமா, பழைய மிக்ஸா புதியதா என்று ஒவ்வொரு பாட்டின் கீழும் தெளிவாகப் போட வேண்டும். காசு கொடுத்துக் கேட்பவர்கள் இதைக் கேட்டு வாங்கினால்தான் நடக்கும்.

"கீறல் விழுந்த பழைய தட்டு இனி எதற்கு?" என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. பீட்டில்ஸின் முதல் சிங்கிளான 'லவ் மீ டூ', 1962 செப்டம்பர் 4 அன்று ரிங்கோ ஸ்டார் டிரம்ஸ் வாசிக்கப் பதிவானது. தயாரிப்பாளர்களுக்குத் திருப்தி இல்லை. ஒரு வாரம் கழித்து ஆண்டி ஒயிட் என்பவரை டிரம்ஸில் உட்கார வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். ரிங்கோவின் கைக்கு டாம்புரின் போயிற்று. அக்டோபரில் முதலில் வெளிவந்த சிங்கிளில் ரிங்கோவின் வாசிப்பு. 1963-இல் வந்த ஆல்பத்தில் ஒயிட்டின் வாசிப்பு. பிறகு சிங்கிளிலும் ஒயிட்டின் வாசிப்பையே போட்டார்கள். ரிங்கோ வாசித்த பதிவின் மூல நாடா தங்கவில்லை. 1988-இல் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்பில் அதைச் சேர்க்க வேண்டி வந்தபோது, பழைய 45 சுற்றுத் தட்டு ஒன்றிலிருந்துதான் ஒலியை எடுத்தார்கள். உலகப் புகழ் பெற்ற குழுவின் முதல் சிங்கிளுக்கே இந்தக் கதி! கம்பெனியிடம் இல்லாததைத் தட்டுதான் காப்பாற்றியது.

ஆகவே அன்பர்களே, மாற்றலாகி ஊர் விட்டு ஊர் போகும்போதும், சின்ன ஃபிளாட்டுக்குக் குடிபெயரும்போதும், பழைய தட்டுகளை மொத்தமாகக் கபாடிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். லேபிளைப் படித்து, ஆண்டையும் சிங்கிளா எல்.பி.யா என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிளேயர் கிடைத்தால் பேரப்பிள்ளைகளுக்குத் தட்டையும் போட்டுக் காட்டுங்கள், கைபேசியில் வருவதையும் கேட்கச் சொல்லுங்கள். எது நல்லது என்று அவர்களே சொல்லட்டும். அதற்கு இரண்டும் இருந்தாக வேண்டும்.