ராட்டினம் சுற்ற முகக்கவசம் எதற்கு?

அமெரிக்காவில் புளோரிடா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் "வால்ட் டிஸ்னி வேர்ல்டு" என்னும் மாபெரும் கேளிக்கைப் பூங்கா உள்ளது. 1971-ம் ஆண்டு திறந்தார்கள். ராட்டினம், ரயில், கோட்டை, படகு, வாணவேடிக்கை எல்லாம் உண்டு.

இந்தப் பூங்காவில் ஒரு சட்டம். 14 வயது நிரம்பியவர்கள் வேஷம் கட்டிக்கொண்டு, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது! வேஷம் போடுகிற வேலை பூங்கா ஊழியர்களுக்கு மட்டுமே உரியது.

2020-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி அதே வாசலில் நேர்மாறான உத்தரவு தொங்கியது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வராதவர்களுக்கு அனுமதி இல்லை! 2 வயதுக் குழந்தை முதல் பல் போன பாட்டி வரை எல்லோருக்கும் இந்த உத்தரவு.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொரோனா!

மார்ச் மாதத்தில் மூடிய கதவை நான்கு மாதம் கழித்து அன்றுதான் திறந்தார்கள். மறுநாள் புளோரிடா மாநிலம் வெளியிட்ட கணக்கு என்ன தெரியுமா? ஒரே நாளில் 15,299 பேருக்குப் புதிதாக நோய்! அதுவரை அமெரிக்காவில் எந்த மாநிலமும் ஒரே நாளில் இவ்வளவு பெரிய எண்ணிக்கையைச் சொன்னது இல்லை.

உடனே சண்டை கிளம்பியது.

"100 டாலருக்கு மேல் கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறோம். குழந்தைகளோடு ஆடிப்பாட வந்திருக்கிறோம். இந்த வெயிலில் முகத்தை மூடு என்கிறாயே! விருப்பம் உள்ளவர் போட்டுக்கொள்ளட்டும், மற்றவரை விட்டுவிடு" என்றார்கள் ஒரு சாரார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று. முகக்கவசம் தொப்பியைப் போன்றது அல்ல. தொப்பி போடாவிட்டால் வெயில் அவரவர் தலையில்தான் அடிக்கும். முகக்கவசம் போடாவிட்டால் ஒருவர் விடுகிற மூச்சு, பக்கத்தில் நிற்பவர் முகத்தில் அல்லவா படுகிறது? நோய் வந்திருப்பது தனக்கே தெரியாமல் பலர் நடமாடினார்கள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் மூச்சில் கிருமி இருந்தது. அப்படிப்பட்டவரிடம் "உன் விருப்பம்" என்று விட்டுவிட்டால், அடுத்தவருடைய விருப்பத்தை யார் கேட்பது?

வரிசைதான் ஆபத்து

கேளிக்கைப் பூங்கா என்றால் திறந்த வெளிதானே, காற்றோட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அங்கே போனவர்களுக்கு உண்மை தெரியும். ராட்டினத்தில் சுற்றுவது மூன்று நிமிஷம். அதற்காக வரிசையில் நிற்பது ஒரு மணி நேரம்!

அந்த வரிசையும் நேராகப் போவதில்லை. கம்பி கட்டி, வளைத்து வளைத்து விட்டிருப்பார்கள். முன்னால் போனவர் ஒரு வளைவு திரும்பி மறுபடியும் எதிரே வருவார். பிறகு இன்னொரு முறை வருவார். ஒரு மணி நேரத்தில் ஒரே ஆளின் முகத்தைப் பத்துத் தடவை பார்க்கலாம். சில வரிசைகள் கட்டிடத்துக்குள்ளேயே போகும். பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர், எந்த நாடு என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பூங்காவின் ஒரு பகுதிக்கு மட்டும் 2019-ம் ஆண்டில் வந்தவர்கள் 2 கோடிக்கும் மேல்!

இப்படிப்பட்ட இடத்தில் நோய் பரவும் என்பது வெறும் பயம் அல்ல; முன்பே நடந்தது. 2014-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள டிஸ்னிலேண்டு பூங்காவுக்குப் போனவர்களிடம் தட்டம்மை தொற்றியது. விடுமுறை முடிந்து அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். அம்மையும் கூடவே போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள். அவர்களில் பலர் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். அடுத்த ஆண்டே கலிபோர்னியா அரசாங்கம் சட்டத்தை இறுக்கியது. "சொந்த நம்பிக்கை" என்று காரணம் காட்டி, பள்ளிப் பிள்ளைகள் தடுப்பு ஊசியைத் தவிர்க்க முடியாமல் போயிற்று.

மனதுக்குள் கத்துங்கள்!

ஜப்பான்காரர் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். மெதுவாகப் பேசினால் வாயிலிருந்து வரும் எச்சில் துளி கொஞ்சம். கத்தினால் அதிகம். ராட்சத ராட்டினத்தில் ஏறிவிட்டுக் கத்தாமல் யார் இருப்பார்கள்? 2020-ல் பூங்காக்களைத் திறந்தபோது, முகக்கவசம் அணிய வேண்டும், கூச்சல் போடாமல் இருக்க வேண்டும் என்று அங்குள்ள பூங்காச் சங்கங்கள் விதி வகுத்தன.

அது எப்படி முடியும் என்று ஜனங்கள் கேலி செய்தார்கள். பியூஜி மலைக்குப் பக்கத்தில் உள்ள பியூஜி-க்யூ பூங்காவின் நிர்வாகிகள் இருவர் கோட்டு, சூட்டு அணிந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு தங்கள் ராட்டினத்தில் ஏறினார்கள். அதன் உயரம் 79 மீட்டர். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர். இருவரும் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க உட்கார்ந்தவர்கள் மாதிரி வாய் திறக்காமல் வந்து சேர்ந்தார்கள்! அதைப் படம் பிடித்து, "மனதுக்குள் கத்துங்கள்" என்று எழுதி வெளியிட்டார்கள். உலகமே சிரித்தது. ஆனால் உத்தரவு போட்டவரே முதலில் அதைச் செய்து காட்டினார் பாருங்கள், அது பெரிய விஷயம்.

ஊழியர் கதி என்ன?

இந்தச் சண்டையில் பலர் மறந்துபோனது ஊழியர்களை. வந்தவர் ஒரு நாள் இருப்பார், போய்விடுவார். டிக்கெட் கிழிப்பவர், ராட்டினத்தில் பெல்ட் மாட்டிவிடுபவர், தட்டு கழுவுபவர் இவர்கள் அன்றாடம் ஆயிரக்கணக்கான முகங்களுக்கு எதிரே நின்றாக வேண்டும். புளோரிடா பூங்காவில் கொரோனாவுக்கு முன் 70,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். மேடையில் நடிப்பவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு நடிக்க முடியாது. எனவே, "எங்களுக்கு நோய்ப் பரிசோதனை செய்தால்தான் வருவோம்" என்று அவர்களுடைய சங்கம் போராடியது.

"அப்படியானால் பூட்டியே வைத்திருக்கலாமே" என்று சொல்வது சுலபம். கலிபோர்னியா பூங்காவைப் பூட்டித்தான் வைத்தார்கள். 2020 மார்ச் 14-ந் தேதி மூடியது, 2021 ஏப்ரல் 30-ந் தேதிதான் திறந்தது. இதற்கிடையே, அமெரிக்காவில் பூங்கா முதலிய தொழில்களில் 28,000 பேரை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக டிஸ்னி கம்பெனி 2020 செப்டம்பரில் அறிவித்தது. அத்தனை குடும்பங்களின் அடுப்பு! கூட்டத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு, முகத்தை மூடித் திறந்தால் கொஞ்சம் பேருக்காவது சம்பளம் கிடைக்கும். ஒரு முழத் துணிக்கு இது அதிகக் கூலி அல்ல.

ஆகவே தொற்றுநோய் பரவும் காலத்தில், வரிசையிலும் கட்டிடத்துக்குள்ளும் முகக்கவசம் கட்டாயம் என்பது சரியான உத்தரவுதான். எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அதற்குப் பலன்.

ஏய்ப்பவர்கள் அங்கேயும் உண்டு. சாப்பிடும்போது கழற்றலாம் என்றதும், கையில் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டே நாள் முழுவதும் சுற்றினார்கள் சிலர்! நிர்வாகம் ஒரே வாரத்தில் விழித்துக்கொண்டது. ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோதான் தின்ன வேண்டும், குடிக்க வேண்டும் என்றது. முகக்கவசம் கழற்றியவர்களுக்கு ராட்டினத்தில் எடுக்கும் போட்டோவும் கிடையாது என்றது. அடி உதை இல்லாமல் காரியம் முடிந்தது.

ஆனால் அந்த உத்தரவு எல்லாவற்றிலும் சரி என்று சொல்ல முடியாது. 2 வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்? ஒரு நிமிஷத்தில் பிடுங்கி எறிந்துவிடும். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2020 ஆகஸ்டில் யோசனை சொல்லின. அமெரிக்காவின் சுகாதாரத் துறையோ 2 வயதிலிருந்தே வேண்டும் என்றது. இதில் உலக நிறுவனங்கள் சொன்னதே தாய்மார்களுக்கு ஏற்ற பேச்சு. ஆஸ்துமா முதலிய காரணத்தால் மூச்சு விடச் சிரமப்படுகிறவர்களுக்கும் வைத்தியர் சொன்னால் விலக்கு வேண்டும்.

உத்தரவை எடுப்பதிலும் நிதானம் வேண்டும். தடுப்பு ஊசி வந்த பிறகு, 2021 மே மாதம் திறந்த வெளியில் முகக்கவசம் வேண்டாம் என்றார்கள். ஜூன் மாதம், ஊசி போட்டவர்களுக்குக் கட்டிடத்துக்குள்ளும் வேண்டாம் என்றார்கள். நோய் மறுபடி தலைதூக்கியதும் ஜூலை 30-ந் தேதி கட்டிடத்துக்குள் திரும்பவும் கட்டாயம் ஆக்கினார்கள். 2022 ஏப்ரலில் பூங்காவின் பஸ்ஸிலும் ரயிலிலும்கூட அது அவரவர் விருப்பமானது. "மாற்றி மாற்றிப் பேசுகிறார்களே" என்று சிலர் பழித்தார்கள். மழை வந்தால் குடை விரிக்கிறோம், விட்டால் மடக்குகிறோம். அதைப் போலத்தான் இதுவும்.

இனி ஒரு தொற்றுநோய் வந்தால், பூங்காக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டிக்கெட் விற்கும்போதே விதியைச் சொல்லிவிட வேண்டும். பிடிக்காதவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தூரத்து ஊரிலிருந்து பிள்ளைகளோடு வந்து, முகக்கவசத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்ட தகப்பனாருக்கு, வாசலிலேயே காசு வாங்காமல் ஒன்று கொடுத்து உள்ளே விட வேண்டும்.