ஒரு வினைக்கு ஒரே பொருள் போதாது

உடன்குடி வழியாகத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தைச் சாலையோரம் நின்று பார்க்க வேண்டும். முன்னால் காவடியும் மேளமுமாக ஒரு நெருக்கமான அணி. அதன் பின்னால் பச்சை வேட்டிக்காரர்கள். எல்லாருக்கும் கடைசியில், காலில் கொப்புளம் கண்டவர்களும், பிள்ளையை இடுப்பில் சுமப்பவர்களும், டீக்கடையில் நின்றுவிட்டவர்களும் இரண்டு மூன்று பேராக விட்டுவிட்டு வருவார்கள். இவர்கள் வரும் விதத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராகிள்' என்று ஒரு வினை இருக்கிறது.

பள்ளிப் பிள்ளை நோட்ஸைப் புரட்டினால் இதுபோன்ற சொல்லுக்கு எதிரே பெரும்பாலும் ஒரே ஒரு தமிழ்ச்சொல்தான் இருக்கும். 'பின்தங்கு' என்று வைத்துக்கொள்வோம். பாதயாத்திரைக்கு அது பொருந்தும். ஆனால் சாலை நெடுக அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் முளைத்திருப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே வினைதான். குதிரைமொழித் தேரியில் கொல்லாமரக் கிளைகள் செம்மணலைத் தொட்டுக்கொண்டு தாறுமாறாகப் படர்ந்திருக்குமே, அதற்கும் அதுதான். வாராத பரட்டைத் தலைக்கும் அதுவே. 'பின்தங்கு' என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, மரம் எப்படிப் பின்தங்கும் என்று திகைக்கத்தான் செய்யும். இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. சொல்லுக்குச் சொல் கோடு போட்டு இணைக்கும் பாடமுறைதான் குற்றவாளி.

ஒழுங்கில்லாமல் பரவுவதையும் வழிவிலகுவதையும் சொல்லும் இந்த வகை வினைகள் ஆங்கிலத்தில் ஒரு பெரிய குடும்பம். 'ஸ்ப்ரால்' என்பது பழைய ஆங்கிலத்தில் கைகால்களை உதைத்துப் புரள்வதைக் குறித்தது. பின்னர் கைகாலைப் பரப்பிக் கிடப்பதற்கு ஆகி, இன்று திட்டமில்லாமல் வீங்கும் நகரத்துக்கும் வழங்குகிறது. 'மியாண்டர்' மேற்குத் துருக்கியில் வளைந்து வளைந்து ஓடும் ஓர் ஆற்றின் பழைய பெயரிலிருந்து வந்தது. தாமிரபரணி வளைந்து நெளிந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்வதைக் கண்டவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். 'ஸ்ட்ரே' என்பது மந்தையை விட்டு விலகிப்போவது. அப்படி விலகி, பிறர் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கவே 1871இல் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. மாட்டை அடைக்கும் இடத்துக்கு அந்தச் சட்டம் சொன்ன 'பவுண்டு' நம் கிராமங்களில் தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டது.

தமிழில் இவற்றுக்குச் சொல் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. கடைக்கு அனுப்பிய பையன் தாமதித்தால் 'சுணங்காம வாலே' என்பார்கள். வழியில் வேடிக்கை பார்த்து நின்றால் அது பராக்குப் பார்ப்பது. வேலை இல்லாமல் அலைந்தால் ஊர் சுற்றுவது. மூன்றும் வேறு வேறு குற்றங்கள், திட்டும் வேறு.

இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. அதை எந்த நோட்ஸும் தொடுவதில்லை. தாறுமாறு என்ற குறிப்பைத் தமிழ் பல நேரம் துணைவினையில் வைத்திருக்கிறது. பாயில் பனங்கிழங்கைப் 'பரப்பி வைத்தாள்' என்றால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வீடு முழுக்கப் பாத்திரங்கள் 'பரந்து கிடக்கின்றன' என்றால் ஒழுங்கு போய்விட்டது. 'பரப்பு', 'பர' ஆகியவை உறவுச் சொற்கள்தான். பொருளைப் புரட்டிப் போடுவது 'வை', 'கிட' என்ற சிறு வினைகள். 'அலைந்து திரி', 'பின்தங்கிப் போ', 'சிதறிக் கிட' எல்லாம் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆங்கிலத்தில் 'வாண்டர் ஆஃப்', 'ஃபால் பிஹைண்ட்' என்று வினைக்குப் பின் ஒட்டும் சிறு சொற்களுக்கும் இதற்கும் ஒப்புமை இருக்கிறது. வகுப்பில் இதைக் காட்டினால் இரண்டு மொழியின் இலக்கணமும் ஒரே பாடத்தில் விளங்கும்.

மொழியை நடந்தும் கேட்டும் கற்ற ஒருவர் இந்தத் தேரி நிலத்திலேயே வாழ்ந்திருக்கிறார். உடன்குடிக்குத் தென்மேற்கே உள்ள இடையன்குடிக்கு 1841இல் வந்த ராபர்ட் கால்டுவெல், சென்னையிலிருந்து தஞ்சை, நீலகிரி, மதுரை என்று சுற்றி வந்த வழியின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே கடந்தார். மக்களையும் அவர்கள் பேச்சையும் அறிவதுதான் நோக்கம். 1856இல் வெளியான அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்குப் பின்னால் அந்த நடையும் இருக்கிறது.

அகராதிகளும் நம்மிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் உருவான ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் 1960களில் வந்தது. தற்காலத் தமிழுக்குக் க்ரியா அகராதி 1992இல் வந்தது. கரிசல் வட்டாரப் பேச்சைக் கி. ராஜநாராயணன் சேகரித்து வட்டார வழக்குச் சொல்லகராதியாக்கினார். பள்ளி நூலகத்தில் இவை இருந்தும் பூட்டிய அலமாரியில் இருந்தால் பயனில்லை. நோட்ஸ் மேசை மேல் இருக்கிறது, அகராதி பூட்டுக்குள் இருக்கிறது என்பதுதான் பல இடங்களில் நிலைமை. அதை மாற்றப் பணம்கூடத் தேவையில்லை.

உடன்குடி வட்டார ஆங்கில ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை இப்படி ஒரு வினை பாடத்தில் வரும்போது பொருளைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். தேரி மணல் ஆடிக்காற்றில் இடம் மாறுவதையும், ஆடு பட்டியை விட்டு விலகுவதையும், தசரா கூட்டத்தில் தம்பி பிந்திப்போனதையும் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.