சாப்பிட்டது உடம்பில் ஒட்டட்டும்



"வாரத்தில் நாலு நாள் கீரை செய்கிறேன். பேரீச்சம்பழமும் சாப்பிடுகிறேன். ஆனாலும் ரத்தம் குறைவாக இருக்கிறது என்றே டாக்டர் சொல்கிறார். சாப்பிடுவது உடம்பில் ஒட்டவே மாட்டேன் என்கிறது." வாசகியர் கடிதங்களில் இந்த வருத்தம் அடிக்கடி வருகிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதையும் மாலையானால் கண் இருட்டுவதையும் "வேலை அதிகம், அதான்" என்று சொல்லிக் கடந்துபோகும் பெண்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்!

இதற்குக் காரணங்கள் பல. மாதவிடாயில் அதிகமான ரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம், குடற்புழு, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் என்று பட்டியல் நீளும். அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்றைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன். தட்டில் இருக்கும் சத்து எல்லாம் ரத்தத்தில் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. ஈரல், இறைச்சி, மீனில் உள்ள இரும்புச்சத்தில் ஒரு பகுதியைச் சிறுகுடல் எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். கீரை, பருப்பு, தானியங்களில் இருப்பது வேறு வகை. நம் சாப்பாட்டில் அதில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடம்பில் சேர்கிறது. அந்தப் பங்கு கூடுவதும் குறைவதும், கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் தேநீரும் காபியும். இவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை எளிதாக உறிஞ்ச விடுவதில்லை. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து சேர்வது பாதிக்கும் மேல் குறையக்கூடும் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. காலையில் இட்லியோடு காபி, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தேநீர் என்பது நம்மில் பலருக்கு ஊறிப்போன பழக்கம். காபியை விட வேண்டாம். நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.

அடுத்து எலுமிச்சை. வைட்டமின் சி, தாவர உணவின் இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. ஆனால் அந்த உணவோடு சேர்ந்தே அது வயிற்றுக்குள் போக வேண்டும். இரவு சாப்பிடும் கொய்யா, மதியம் சாப்பிட்ட முருங்கைக்கீரைக்கு உதவாது. சூடு பட்டால் இந்த வைட்டமின் குறையும் என்பதால், பருப்பையும் கீரையையும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எலுமிச்சை பிழியுங்கள். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ இருப்பது இன்னும் நல்லது. சுண்டலில் மாங்காய் நறுக்கிப் போடுவது ருசியோடு சத்துக்கும் துணை.

தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டிக் அமிலமும் இரும்பு, துத்தநாகம், கால்சியம் ஆகியவற்றைக் கட்டிப்போடும். ஊறவைத்தால் இது ஓரளவு குறையும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் நன்றாகவே குறையும். புளித்த கம்பங்கூழும் இட்லி மாவும் முளைகட்டிய கேழ்வரகும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதில் கூடுதலாக உடம்பில் சேர வேண்டுமென்றால், சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரையுங்கள். அந்தக் கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும் என்பதால், வெயிலில் கொஞ்ச நேரம் நடமாடுவதும் அவசியம். கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டினுக்கோ எண்ணெய் துணை; எண்ணெயே விடாமல் வேகவைத்த கீரையில் அதன் பலன் குறைவு.

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தருகிறார்கள். மறந்துவிடக் கூடாதே என்று இரண்டையும் ஒன்றாக விழுங்குபவர்கள் உண்டு. கால்சியம் இரும்பைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைப் பாலோடும் தேநீரோடும் போட வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள். அது மாத்திரையின் இயல்பு. மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் 'கேஸ் மாத்திரை' போடுவதும் நல்லதில்லை. வயிற்றில் அமிலம் குறைந்தால் இரும்பும் வைட்டமின் பி12உம் சேர்வது குறையும்.

இத்தனையும் செய்தும் ஹீமோகுளோபின் 12க்குக் கீழேயே நின்றால் சமையலறையில் விடை தேட வேண்டாம். மூலம், அதிக உதிரப்போக்கு, பரம்பரை ரத்தக் குறைபாடு என்று வேறு காரணம் இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையின் அளவையும் அவரே சொல்லட்டும்.

இந்த மாதம் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சமைத்தவரையும் உங்களோடு உட்காரவைத்து, கீரையையும் ஈரலையும் அவர் தட்டிலும் தாராளமாக வையுங்கள். எவ்வளவு நன்றாகச் சேரும் உணவாக இருந்தாலும், அது முதலில் தட்டுக்கு வந்தாக வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்