சுவரில் மாட்டும் சிக்னல் கண்ணாடி! தம்மம்பட்டிக்கு வருமா?

மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர் தம்மம்பட்டி. செதுக்கிய சிற்பத்தைப் படம் எடுத்து, வெளியூர் வியாபாரிக்குச் செல்போனில் அனுப்பும் காலம் இது. பட்டறைக்குள் சிக்னல் இல்லையென்றால் என்ன செய்வது? போனும் கையுமாக வாசலுக்கு ஓட வேண்டியதுதான்!

இனி ஓட வேண்டாம், சுவரே சிக்னலைத் திருப்பி அனுப்பும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அது எப்படி?

சுவரைக் கண்டால் நிற்கும் அலை

நீண்ட ரேடியோ அலை சுவரைத் தாண்டி ஓரளவு உள்ளே வரும். குட்டை அலை வேகமாகச் செய்தி அனுப்ப உதவும். ஆனால் சுவர் அதைத் தடுத்துவிடும். 2022-ம் ஆண்டு 5ஜி ஏலத்தில் விற்பனையான 26 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர்தான். இவ்வளவு குட்டையான அலைகளை 'மில்லிமீட்டர் அலை' என்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890-களிலேயே 5 மில்லிமீட்டர் அலையை உண்டாக்கிக் காட்டினார்.

கண்ணாடி விளையாட்டு

கைக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, இருட்டு அறைக்குள் அடித்து விளையாடுவார்களே பிள்ளைகள், அதே வித்தைதான். சுவரில் ஒரு பலகை. அதில் நூற்றுக்கணக்கான சிறு உலோகத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி சுவிட்ச். சுவிட்சை மாற்றினால், அந்தத் துண்டு அலையைச் சற்று முந்தியோ பிந்தியோ திருப்பி அனுப்பும். பத்துப் பேர் ஆளுக்கொரு நேரம் கைதட்டினால் வெறும் சலசலப்பு. சேர்ந்து தட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அப்படி எல்லா அலையும் சேர்ந்து ஒரே இடத்தில் விழும். ஆள் இடம் மாறினால் பலகையைத் திருப்ப வேண்டாம், சுவிட்சுகள் மாறினால் போதும்.

சுவிட்ச் இல்லாத, நிலையான பலகை ஒன்றை 2018 நவம்பரில் டோக்கியோவில் டோகோமோ நிறுவனம் வெளியிடத்தில் சோதித்தது. பலகை இல்லாதபோது வேகம் விநாடிக்கு 60 மெகாபிட். வைத்த பிறகு 560!

நமக்கு எப்போது?

இந்தப் பலகை அலையை உண்டாக்காது. கோபுரத்திலிருந்து வருவதைத் திருப்பும், அவ்வளவே. மில்லிமீட்டர் அலையோ சில நூறு மீட்டருக்கு மேல் எட்டுவது கடினம். ஆகவே ஜனநெரிசல் மிகுந்த பெரிய நகரங்களுக்கே இது முதலில் பயன்படும். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையில் உள்ள ஊருக்கு முதலில் வேண்டியது, நீண்ட அலை அனுப்பும் கோபுரங்களே.

அதற்குள் 'சிக்னல் கூட்டும் ஸ்டிக்கர்' என்று யாராவது விற்க வந்தால் காசு கொடுத்து ஏமாறாதீர்கள். வீட்டில் வைபை பெட்டி இருந்தால், அதை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் கூடத்தில் உயரமாக வையுங்கள். பீரோவும் அலையைத் திருப்பத்தான் செய்யும். ஆனால் பக்கத்து வீட்டுப் பக்கம்!