திரைப்பாட்டும் நம் திருமறையும்

நம் கிறிஸ்தவ இல்லங்களிற் பாட்டைப்பற்றி நெடுநாளாக வழங்கிவரும் தீர்ப்பொன்று உண்டு. ஆலயத்திற் பாடுவது ஞானப்பாட்டு, வெளியிற் கேட்பது உலகப்பாட்டு. முன்னது ஆத்துமாவுக்கு உணவு, பின்னது அதற்கு நஞ்சு என்பதே அது. இத்தீர்ப்பு எளிது, எளிதாயிருத்தலே அதன் குறை என்பது எம் கருத்து. ஒரு பாட்டு எங்கிருந்து வந்தது, எக்கருவியில் ஒலித்தது என்று வினவுவார் மிகப் பலர். அது யாது சொல்லுகின்றது, யாரை உயர்த்தி யாரைத் தாழ்த்துகின்றது என்று வினவுவாரை யாம் அரிதாகவே கண்டுளோம். திருமறை கற்றோர் முதற்கண் கேட்கவேண்டுவது இப்பின்னை வினாவையே என்று ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

சவுல் அரசனின் கதையை நோக்குக. பொல்லாத ஆவியால் அவன் கலங்கியபோதெல்லாம் தாவீது சுரமண்டலம் வாசித்தான், அரசன் ஆறுதலடைந்தான். ஆங்கு இசை மருந்தாயிற்று. பின்னர்ப் பெலிஸ்தரை வென்று மீண்ட நாளில், இஸ்ரவேல் நகரங்களின் பெண்கள் ஆடிப்பாடி எதிர்கொண்டனர். அவர்கள் பாட்டிற் சவுல் கொன்றவர் கணக்கு ஆயிரத்தில் நின்றது. தாவீது கொன்றவர் கணக்கோ பதினாயிரமாக உயர்ந்தது. எரிச்சல் அன்றே அரசன் நெஞ்சிற் குடிபுகுந்தது. மறுநாள் தாவீது வழக்கம்போலச் சுரமண்டலம் வாசிக்கையிலேயே சவுலின் ஈட்டி அவன்மேற் பாய்ந்தது. முன்பு நோய் தீர்த்த அதே கருவி, அதே விரல்கள். ஆயினும் பாட்டின் சொல் மூட்டிய தீயை அவற்றால் அவிக்க இயலவில்லை. அப்பாட்டு எல்லை கடந்து பெலிஸ்தர் நாட்டிலும் பரவி, காத் அரசனாகிய ஆகீசின் ஊழியர் வாயிலும் வழங்கிற்று என்று அவ்வாகமமே கூறுகின்றது. வானொலியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் தெருப்பாட்டொன்று பெற்ற செல்வாக்கு இது!

இசை வேறு, சொல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை நம் தமிழ்த் திருச்சபை நன்குணர்ந்திருந்ததா? இல்லை என்பதற்குத் தஞ்சையே சான்று. பாளையங்கோட்டையிற் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பெற்ற வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), 1800-இல் 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றினார். குறவஞ்சியாவது உலாவரும் தலைவன்மேற் காதல் கொண்ட தலைவிக்குக் குறத்தி குறிசொல்லும் கூத்து; அரசவையும் ஊர்மன்றும் விரும்பிக் கேட்டது. அக்காலத்து மக்கள் விரும்பிய இசையென்றே அதனைச் சொல்லலாம். சாஸ்திரியார் அதன் மெட்டையும் அமைப்பையும் கூசாமல் எடுத்துத் திருச்சபையைத் தலைவியாக்கிக் கிறிஸ்துவைத் தலைவனாக்கினார். பின்வந்த மிஷனெரிமாருட் சிலருக்கோ ஆலயத்தில் தமிழிசை ஒலிப்பது பொறுக்கவில்லை. அவர்கள் விதித்த தடைகளை எதிர்த்துச் சாஸ்திரியார் 1829-ஆம் ஆண்டளவில் எழுத்து வாயிலாகவே முறையிட்டார்.

இதுகாறும் கூறியதைப் படித்த தமிழ் மாணவர் நெஞ்சம் பூரிக்கும். எம் நெஞ்சமும் பூரித்தது. ஆனால் அம்முறையீட்டின் மறுபாதியையும் மறைத்தலாகாது. இசையைக் காத்தற்கு எழுந்த அப்பெரியாரே, ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதிவரிசை நீங்காது நிற்கவேண்டும் என்றும் வாதாடினார். 1833-இற் கல்கத்தாவின் பேராயர் தானியேல் வில்சன் சபையினுள் சாதிவேற்றுமை கூடாதென்று நிருபம் விடுத்தபோது, சோழநாட்டிலும் சென்னையிலும் பலர் சபையைவிட்டே விலகினர். மிஷனெரிமார் இசையிற் பிழைத்து நீதியில் நேர்நின்றனர்; நம்மவர் இசையில் நேர்நின்று நீதியிற் பிழைத்தனர். இசைவழக்கு விரைவில் தீர்ந்தது. 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் சாஸ்திரியாரின் பாட்டுக்களைத் தொகுத்து அச்சிட்டார். மற்றை வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

இனி எம்மூர்க்கு வருவோம். பாசுரங்களின் பெருமையைப் பரப்பிய உடையவர் தோன்றிய ஸ்ரீபெரும்புதூர்க்கு அணித்தாய், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைமேல் உள்ளது பென்னலூர். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் எனச் சூழவும் தொழிற்சாலைகள். இரவும் பகலும் முறைமாறும்போதெல்லாம் கம்பெனிப் பேருந்துகள் அணியணியாய் ஓடும். ஓடும் பேருந்துகளிற் பாட்டும் ஓடும். ஏறுவோரிற் பெண்கள் மிகப் பலர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற மகளிர் தங்குமிடம் ஒன்றிற்கு மாத்திரமே 18,720 படுக்கைகள் என்றால், எத்துணைப் பெண்கள் பெற்றோரைப் பிரிந்து இங்கு வந்து உழைக்கின்றனர் என்பதை உய்த்துணரலாம். அயர்ந்து அமர்ந்திருக்கும் அவர்கள் செவியில், தன்னை மறுத்த பெண்ணை ஏசும் பாட்டு ஓங்கி விழும். உடன்வரும் இளைஞர் தாளமிடுவர். அவருள் நம் வாலிபர் சங்கத்தாரும் உளர்.

‘உழைத்துக் களைத்தவன் கேட்கும் பாட்டில் வேதசாஸ்திரம் தேடுவதோ?’ என்று நகைப்பாருக்கு எம் விடை இது: அதே இருக்கையிற் களைத்து அமர்ந்திருப்பவள் ஒருத்தியும் உளள், அவள் களைப்புக்கு மருந்து யாது?

காதலைப் பாடுதல் குற்றமென்று யாம் கூறோம். உன்னதப்பாட்டைத் திருமறையினுள் வைத்துப் போற்றும் நமக்கு அவ்வாறு கூற வாயில்லை; குறுந்தொகை பயிலும் தமிழ் மாணவர்க்கோ சிறிதும் இல்லை. ஒருதலைக் காதலைக் கைக்கிளையென்று பெயரிட்டு அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார் தொல்காப்பியனார். மடலேறியவனும் பனங்கருக்காலே தன்னுடலைக் கிழித்துக்கொண்டானேயன்றித் தலைவியை வசைபாடினான் அல்லன். 2015 டிசம்பரில் இணையத்திற் பரவிய 'பீப்' பாடலை எதிர்த்து மாதர் சங்கங்கள் தெருவில் நின்றன. காவல்நிலையங்களிலும் முறையீடுகள் பதிவாயின. அப்போது பிரசங்கபீடங்கள் பேசியிருக்கலாம். புகையையும் மதுவையும் புகழும் பாட்டுக்களைப்பற்றி யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவற்றை நம் போதகர்கள் ஓயாது கண்டிக்கின்றனர்.

அவர்கள் கண்டியாத ஒன்று உண்டு. தென்மாவட்டத்திலிருந்து வேலையின்பொருட்டு இப்பக்கம் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பமொன்றின் மணவரவேற்புக்குச் சென்றிருந்தோம். ஜெபமும் ஆசீர்வாதமும் முடிந்தபின், 1992-இல் வெளிவந்த 'தேவர் மகன்' படத்துப் பெருமைப்பாட்டு ஒலிபெருக்கியில் முழங்கிற்று; மாப்பிள்ளையின் தோழர் துண்டைச் சுழற்றி ஆடினர். இளையராஜாவின் இசையமைப்பில் எழுந்த இனிய பாட்டு அது. சாதிவிழாக்களிற் கொடிபோல் உயர்த்தப்பட்டுவருவதும் அதுவே. மது இல்லை, ஆபாசம் இல்லை. ஆகவே உலகப்பாட்டு என்று எவரும் முகஞ்சுளிக்கவில்லை. இஸ்ரவேல் பெண்களின் பாட்டைப்போல அதுவும் ஒரு கணக்கைத்தான் பாடுகின்றது: எவன் பெரியவன் என்னும் கணக்கு. அந்தப் பந்தலில் அக்கணக்கிற் கீழே வைக்கப்பட்டோரும் இருந்து உணவருந்தினர். ஆமோஸ் தீர்க்கன் வாயிலாக ஆண்டவர், ‘உங்கள் பாட்டின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள், நியாயம் தண்ணீரைப்போல் ஓடட்டும்’ என்னும் கருத்துப்பட உரைத்தது, ஆலயத்தில் ஒலித்த பாட்டைக் குறித்தன்றோ?

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-இற் காலஞ்சென்ற தியோபிலஸ் அப்பாவு அவர்கள், ‘பரட்டை அண்ணன்’ என்று அன்புடன் அழைக்கப்பெற்றவர், நாட்டுப்புற மெட்டுக்களையே வழிபாட்டுக்குக் கொணர்ந்தார். ஒரே உலையிற் பொங்கி எல்லாரும் உண்பதைத் திருவிருந்தின் பொருளாக அவர் கண்டார். திருவிருந்திற் சாதிவரிசை வேண்டிய தஞ்சைப் புலவர்க்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் வந்த மறுமொழியென்றே அதனைக் கொள்கின்றோம். 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யைக் கேட்டபோதும் அவர் நினைவே எமக்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வை நெஞ்சிற்கொண்டு அறிவு எழுதிய அப்பாட்டில் இயேசுவின் நாமம் இல்லை. நிலத்தைத் திருத்தியவர்க்கு நிலமில்லை என்னும் ஏக்கம் உண்டு. முற்கூறிய மணப்பந்தற் பாட்டையும் இதனையும் ஒரே துலாக்கோலில் இட்டு, எது உலகப்பாட்டு என்று வாசகரே நிறுத்துப் பார்ப்பாராக.

எம் சபை வாலிபர், வருகின்ற கிறிஸ்து பிறப்பு விழாவின் கீதபவனியிற் பறையும் ஒலிக்கவேண்டும் என்று பாடற்குழுவுக்கு எழுதிக் கேட்டுள்ளனர். மூத்த அங்கத்தினர் ஒருவர், ‘அது சாவுமேளம் ஆயிற்றே’ என்றார். பவனியிற் பாடப்போகும் பாட்டு யாதென்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.